கடற்கரை விடுமுறைக்குத் தீவு தேடுவோருக்கு: முதலில் மாதம், பிறகு கரை, கடைசியில் தீவு

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு முதன்முறையாகக் குடும்பத்துடன் செல்லத் திட்டமிடுவோர் பெரும்பாலும் தீவின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். மாலத்தீவா, அந்தமானா, பாலியா என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. யாரோ காட்டிய படத்தைப் பார்த்து முடிவாகிறது. பயணச்சீட்டு எடுத்த பிறகுதான் அந்த மாதத்தில் அங்கே மழையா வெயிலா என்று விசாரிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒரே தீவின் ஒரே கரை பிப்ரவரியில் குழந்தைகள் முழங்காலளவு நீரில் விளையாடும் இடமாகவும், ஜூலையில் சிவப்புக்கொடி ஏற்றப்பட்டு எவரும் இறங்கக் கூடாத கடலாகவும் இருக்கும். நமக்கு விடுமுறை கிடைக்கும் மாதம் எது, அந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், அந்தக் காற்றுக்கு மறைவான கரை எது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால், தேர்வு செய்ய வேண்டிய தீவுகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து ஒரு வார விடுமுறையில் சென்று திரும்பக்கூடிய தீவுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: காற்றையும் மாதத்தையும் பாருங்கள்

இந்தியப் பெருங்கடலின் வடபாதியில் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மே மாதப் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. நம் கடலோர மக்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று ஓங்கியிருக்கும் காலம் அது. அப்போது மேற்கையும் தெற்கையும் நோக்கிய கரைகளில் அலை உயர்ந்து, நீர் கலங்கி, இழுப்பு வலுக்கிறது. அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்கிலிருந்து வாடை வரத் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. கிழக்குக் கரைகள் கொந்தளிக்க, மேற்குக் கரைகள் மெல்ல அடங்குகின்றன.

இதற்கு இலங்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய தென்மேற்குக் கரைகள் டிசம்பர் முதல் மார்ச் வரை நீந்துவதற்கு ஏற்றவை. திருகோணமலையை அடுத்த நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடா, அதற்கும் தெற்கே அறுகம்குடா ஆகிய கிழக்குக் கரைகள் ஏப்ரல் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை ஏற்றவை. ஆகவே, இலங்கைக்கு எப்போது போகலாம் என்று கேட்பதில் பொருளில்லை. எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போகலாம் என்றுதான் கேட்க வேண்டும். தாய்லாந்திலும் இதே கதைதான். புக்கெட், கிராபி, பீபீ தீவுகள் இருக்கும் மேற்குப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். மறுபக்க வளைகுடாவில் உள்ள கோ சாமுய் தீவில் மிகுந்த மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மலேசியாவில் மேற்கே உள்ள லங்காவிக்கு ஆண்டிறுதியில் போகலாம். ஆனால் கிழக்கே உள்ள பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுதிகளே பெரும்பாலும் மூடிக் கிடக்கும்.

அந்தமான் இரண்டு காற்றுகளுக்கும் நடுவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்பே, மே மாத மூன்றாவது வாரத்தையொட்டி அந்தமான் கடலுக்கு வந்துவிடுகிறது. அது விலகும் சமயத்தில் வங்கக்கடலின் தாழ்வு மண்டலங்கள் தொடங்குகின்றன. அதனால் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிய உள்ள நான்கைந்து மாதங்களே அங்கு நம்பிக்கையோடு செல்லக்கூடிய காலம். மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம்; மே முதல் அக்டோபர் வரை காற்றும் மழையும் மாறி மாறி வரும். லட்சத்தீவில் அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை பயணக்காலம். அதன் பிறகு கடல் சீறத் தொடங்கிவிடும்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாட்காட்டி மாறிவிடும். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெயில். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. அந்த மழைக்காலத்தில் கூட்டா, செமின்யாக் போன்ற மேற்குக் கரைகளில் நெகிழிக் குப்பை ஒதுங்குவதும் வழக்கம். மொரீஷியஸில் ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அச்சம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவாக இருந்தாலும் கடல்நீரின் வெப்பம் 23 பாகைக்கு இறங்கி, தென்கிழக்குக் காற்றும் ஓயாமல் வீசுவதால், வெதுவெதுப்பான கடலுக்குப் பழகிய நமக்கு அது குளிர்ந்த நீராகவே படும்.

மழை அளவைச் சொல்லும் அட்டவணைகளை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுத்துப் போகும் மழை விடுமுறையைக் கெடுப்பதில்லை. நாள் முழுவதும் கரையை நோக்கி வீசும் காற்றுதான் படகுகளை நிறுத்துகிறது, நீரைக் கலக்குகிறது, நீந்துவதைத் தடுக்கிறது. எனவே காற்றின் வேகம், திசை, அலையின் உயரம் ஆகிய மூன்றையும் மாதவாரியாகப் பாருங்கள். சிலவற்றுக்கு மழைக்காலமே உரிய காலம் என்பதையும் சொல்ல வேண்டும்: மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிபாரு விரிகுடாவில் மாண்டா என்னும் பெருந்திருக்கைகள் கூட்டமாக வருவது மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குக் காற்று காலத்தில்தான்.

இரண்டாம் படி: உங்கள் விடுமுறையோடு பொருத்துங்கள்

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை. கோடை விடுமுறை, காலாண்டு, அரையாண்டு, பொங்கல் என்ற நான்கில் ஒன்றுக்குள் பயணம் அடங்க வேண்டும்.

கோடை விடுமுறையின் முதற்பாதி, அதாவது ஏப்ரல் இறுதி வரை, அந்தமானுக்கு நல்ல காலம். வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் கடல் அடங்கி, நீருக்கடியில் நெடுந்தூரம் தெரியும். மே இரண்டாம் வாரத்தைத் தாண்டிவிட்டால் அந்தமானையும் லட்சத்தீவையும் விட்டுவிட்டு, திருகோணமலை, பாசிக்குடா அல்லது பாலியை நோக்குவதே அறிவுடைமை. இலங்கைக்குச் செல்வோர் ஏப்ரல் நடுவில் வரும் புத்தாண்டு நாட்களைத் தவிர்க்கலாம். அப்போது கடைகள் மூடியிருக்கும், பேருந்துகளும் விடுதிகளும் உள்ளூர்ப் பயணிகளால் நிறைந்திருக்கும். செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறைக்குப் பாலியும் மொரீஷியஸும் பொருந்தும். அரையாண்டு விடுமுறையில் மழையில்லாத தீவுகள் எல்லாம் அழகாக இருக்கும், எல்லா விலைகளும் உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் மாலத்தீவு விடுதிகள் கூடுதல் கட்டணமும் கட்டாய விருந்துக் கட்டணமும் வாங்குவதுண்டு. அதே கடலை மூன்று வாரம் கழித்துப் பொங்கல் விடுமுறையில் கணிசமாகக் குறைந்த செலவில் பார்க்கலாம். என் கருத்தில், நம் குடும்பங்களுக்குக் கிடைக்கும் நான்கு விடுமுறைகளில் தீவுப் பயணத்துக்கு மிகவும் பொருத்தமானது பொங்கல்தான். ஓரிரு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டால் ஐந்தாறு நாட்கள் அமையும்.

மூன்றாம் படி: மேட்டுத் தீவா, பவளத் தீவா?

தீவுகள் பிறந்த விதம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் முடிவு எளிதாகும். மலையும் காடும் ஓடையும் உள்ள மேட்டுத் தீவுகள் ஒரு வகை. அந்தமான், இலங்கை, பாலி, புக்கெட், லங்காவி, மொரீஷியஸ் ஆகியவை இதில் அடங்கும். கடலடியில் அமிழ்ந்துபோன மலையைச் சுற்றிப் பவளம் வளர்ந்து, அதன் துகள்கள் மணலாகக் குவிந்து உருவான தாழ்ந்த தீவுகள் மற்றொரு வகை. மாலத்தீவும் லட்சத்தீவும் அப்படிப்பட்டவை. அந்தமானின் சேடில் பீக் 732 மீட்டர் உயரம். மாலத்தீவிலோ இயற்கையான நிலம் எங்குமே 3 மீட்டரை எட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டிலிருந்து பலவும் தொடர்கின்றன. பவளத் தீவில் ஆறு கிடையாது. அதனால் சேறும் கிடையாது. மழை பெய்த மறுநாளும் நீர் தெளிவாகவே இருக்கும். விடுதியின் படியிலிருந்து இறங்கி முகமூடியைப் போட்டுக்கொண்டால் கிளிமீன்கள் பவளத்தைக் கொறிப்பதைப் பார்க்கலாம். வெள்ளை மணலில் பெரும்பங்கு அந்த மீன்கள் தின்று வெளியேற்றிய பவளத்தூள்தான். ஆனால் கடலைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய நிலத்தில், நீந்தத் தெரியாத, வெயில் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு மூன்றாம் நாள் நகர்வதே கடினம். மேட்டுத் தீவில் கடல் சரியில்லாத நாளில் அருவி, கோயில், சந்தை, காட்டுப்பாதை என்று எதற்காவது போகலாம். கூடவே, ஆற்று முகத்துவாரத்தையும் அலையாத்திக் காட்டையும் அடுத்த கரைகளில் நீர் கலங்கியே இருக்கும் என்பதையும், அந்தமானில் அத்தகைய ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், உள்ளூர்க்காரர் ஒருவர் இறங்கியிருந்தாலும் நீங்கள் இறங்காதீர்கள்.

தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் சேர்ந்து போகும் பயணத்துக்கு மேட்டுத் தீவைத்தான் பரிந்துரைப்பேன். இருவர் மட்டும் செல்வதாக இருந்து, இருவருக்குமே கடல் பிடிக்குமென்றால் பவளத் தீவுக்கு ஈடில்லை.

நான்காம் படி: தீவுக்குள் எந்தக் கரை?

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சரியான மாதத்தில் சரியான தீவுக்குப் போயும், தவறான கரையில் விடுதி எடுத்துவிட்டு, காலைக் கடலில் வைக்க முடியாமல் திரும்புவோர் உண்டு. இங்கே நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

பவளப்பார் எங்கே இருக்கிறது என்பது முதலாவது. செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையை நெருக்கமாகப் பாருங்கள். அலை உடையும் வெண்கோடு கரையிலிருந்து தள்ளி, நடுக்கடலில் ஒரு வேலி மாதிரித் தெரிந்தால், அந்தப் பாருக்கு உட்பட்ட காயல் நீர் அமைதியாக இருக்கும். வெண்கோடு மணலை ஒட்டியே தெரிந்தால் அலை நேரே உங்கள் மீதுதான் உடையும். பாலியில் சனூரும் நுசா துவாவும் முதல் வகை. உலுவாட்டு பக்கம் அலைச்சறுக்கு வீரர்களுக்கானது. பாசிக்குடாவில் நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவு நீர்தான் என்பதால் சிறுவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இலங்கையில் குறைவு.

அடுத்தது ஓதம். அந்தமானில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 2 மீட்டர் வரை மாறுகிறது. ஹேவ்லாக் என்றிருந்து 2018-இல் ஸ்வராஜ் த்வீப் ஆன தீவில், விஜயநகர் முதலிய கிழக்குக் கரைகளில் வற்றத்தின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். அப்போது நீந்த வழியில்லை. பெரும்பாலான விடுதிகள் இருப்பதோ அந்தக் கரையில்தான். ஆகவே நீந்துவதற்கு மேற்கே உள்ள ராதாநகருக்கு வண்டியில் போய்வர வேண்டும் என்று முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்கு உதவும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுந்திருக்கும்; அட்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு குறைந்திருக்கும். மாலத்தீவில் ஓத வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

கரை எந்தத் திசையை நோக்குகிறது என்பதையும் பாருங்கள். மொரீஷியஸில் கிழக்குக் கரையான பெல் மார் மீது குளிர்காலக் காற்று நேராக மோதும். அதே நாளில் வடக்கே துரூ ஓ பீஷும் மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கும் அமைதியாக இருக்கும். ஒளியும் திசையைப் பொறுத்ததே. அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு ராதாநகருக்குப் புறப்படலாம் என்று நினைப்பவர்கள் சூரியன் மறையும் தறுவாயில்தான் போய்ச் சேருவார்கள்.

கடைசியாக, இழுப்பு. உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கரையில் வந்து உடைந்த நீர் திரும்பிப் போவதற்கு ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்து, அடங்கிய நீராகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று எண்ணிச் சரியாக அதில்தான் இறங்குகிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி ஆற்றலை இழக்கக் கூடாது; மிதந்தபடியே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் பகுதிக்கு வந்த பிறகு கரையேற வேண்டும். புக்கெட்டின் மேற்குக் கரைகளில் மே முதல் அக்டோபர் வரை சிவப்புக்கொடி பறப்பது இதனால்தான். வானம் தெளிவாக இருக்கிறது என்பதும் பாதுகாப்புக்குச் சான்றல்ல. தென்கோளத்தில் எங்கோ வீசிய புயலின் அலை நாட்கள் கழித்து நம் பக்கம் வந்து சேரும் கள்ளக்கடல், லட்சத்தீவையும் குமரிக் கரையையும் ஏப்ரல், மே மாதங்களில் தொடுவதுண்டு. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கரையாகத் தேர்ந்தெடுங்கள். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை இந்தியாவில் பெற்ற அந்தமானின் ராதாநகர், லட்சத்தீவில் மினிக்காயின் துண்டிக் கரை, கடமத் ஆகியவற்றை முதலில் பரிசீலிக்கலாம்.

ஐந்தாம் படி: விமானத்தை விட்டு இறங்கிய பின் எவ்வளவு தூரம்?

வானூர்தி இறங்கும் இடம் உங்கள் தீவாக இருப்பது அரிது. சென்னையிலிருந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து ஸ்வராஜ் த்வீப்புக்கு விரைவுக் கப்பலில் ஒன்றரை மணி நேரமும், அரசுப் படகில் அதைவிட அதிகமும் ஆகும். கப்பல்கள் பகலில் மட்டுமே ஓடுகின்றன; ஆகவே பிற்பகலில் வந்து இறங்கினால் முதல் இரவு நகரத்தில்தான். மாலத்தீவில் கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலேயில் இறங்குபவர் விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் செல்ல வேண்டும். மக்கள் வாழும் தீவுகளுக்குச் செல்லும் பொதுப் படகுகள் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை. லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து அகத்திக்குச் சிறு விமானம் உண்டு. கப்பலில் சென்றால் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் ஆகும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை விமான நிலையம் இருக்கும் தீவிலேயே கழியுங்கள். காற்று மாறிப் படகு நின்றால் பயணச்சீட்டுப் பணம் முழுவதும் போய்விடும். ஐந்து நாட்களுக்கு ஒரு தீவு போதும், ஏழு நாட்களுக்கு இரண்டு. ஐந்து நாட்களில் மூன்று தீவுகள் காட்டுகிறோம் என்ற தொகுப்புகளில், பெட்டியைக் கட்டுவதிலும் படகுத்துறையில் காத்திருப்பதிலுமே பகல்பொழுதுகள் கரைந்துவிடும். படகில் தலைசுற்றல் வரும் என்று தெரிந்தவர்கள் மருத்துவர் சொல்லும் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்காரலாம். ஸ்கூபா செய்ய விரும்புவோர் அதைப் பயணத்தின் தொடக்க நாட்களிலேயே முடித்துவிட வேண்டும். நீரில் மூழ்கி எழுந்த பின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி விடுவது வழக்கமான பாதுகாப்பு நெறி.

ஆறாம் படி: அனுமதியும் பழக்கவழக்கமும்

அந்தமானுக்கு இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. பழங்குடிக் காப்பகங்களுக்குள் நுழைவதும், நிக்கோபாருக்குச் சுற்றுலாவாகச் செல்வதும் இயலாது. லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி கட்டாயம். தங்குமிடத்தை உறுதி செய்த பிறகே அது கிடைக்கும் என்பதால் ஓரிரு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். மாலத்தீவில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் கட்டணமின்றி அனுமதி தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணி அறிவிப்பைப் பதிய வேண்டும். மற்ற நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த அரசின் குடிவரவுத் தளத்தில் மட்டுமே சரிபார்க்க வேண்டும்.

மாலத்தீவுக்குள் மது, பன்றியிறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது. பெட்டியில் சிறு சாமி சிலை வைத்துப் பயணம் செய்யும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2009-க்குப் பிறகு அங்கே மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. மாஃபுஷி, திகுரா, உக்குல்ஹாஸ் போன்ற தீவுகளில் சொகுசு விடுதிச் செலவில் ஒரு சிறு பங்கில் அதே கடலை அனுபவிக்கலாம். அங்கே மது கிடைக்காது. நீச்சலுடைக்கு என்று ஒதுக்கிய கரையைத் தவிர மற்ற இடங்களில் உடலை மறைக்கும் உடை வேண்டும். லட்சத்தீவிலும் பங்காரம் தீவு நீங்கலாக மதுவிலக்கு உண்டு.

சைவ உணவு மட்டும் உண்போர் இதையும் ஒரு தேர்வுக் காரணமாகக் கொள்ளலாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் பெருமளவில் வாழ்வதால் இட்லி, தோசைக்குக் குறைவில்லை, திருகோணமலையிலும் அப்படியே. மாலத்தீவின் உள்ளூர்த் தீவுகளில் காலை உணவிலேயே சூரைமீன் இருக்கும். விருந்தினர் இல்லத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்வார்கள்.

ஏழாம் படி: அறை வாடகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தீவுகளில் வாடகை மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. விமானம், படகு, உணவு, வரி, கடல் விளையாட்டு ஆகிய ஐந்தையும் தனித்தனியே எழுதிக் கூட்டிய பிறகே இரண்டு தீவுகளை ஒப்பிட வேண்டும். மாலத்தீவில் பசுமை வரி 2025 முதல் சொகுசு விடுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். சுற்றுலா விற்பனை வரி அதே ஆண்டு ஜூலை முதல் 17 விழுக்காடு. இதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் இவை அதில் சேரவில்லை என்று பொருள். கடல்விமானத்துக்குத் தலைக்குச் சில நூறு டாலர் ஆகும். பாலியில் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 1,50,000 ரூப்பியா வரி செலுத்த வேண்டும். தனித் தீவு விடுதியில் வெளியே சென்று சாப்பிட வழியில்லை. அங்கே மூன்று வேளை உணவும் சேர்ந்த கட்டணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்

இவ்வளவும் முடிந்தால் உங்கள் தாளில் இரண்டு தீவுகள், நான்கைந்து விடுதிகள் மிஞ்சியிருக்கும். விருந்தினர் எழுதிய கருத்துகளில் நீங்கள் போகவிருக்கும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் பிரித்துப் படியுங்கள். பிப்ரவரியில் வந்தவரின் புகழுரை ஆகஸ்டில் போகிறவருக்குப் பயன்படாது. பிறகு விடுதிக்கு எழுதி, விடுதியின் முன்னாலேயே வற்றத்தின்போதும் நீந்த முடியுமா, அந்த மாதத்தில் கரையில் பாசியோ குப்பையோ ஒதுங்குமா, கரையிலிருந்து நீந்தியே பவளத்தைப் பார்க்க முடியுமா அல்லது படகில் போக வேண்டுமா, மருத்துவர் இருக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். தெளிவான விடை தராத விடுதியை விட்டுவிடலாம். பவளத்தின் நிலையைக் குறிப்பாக விசாரிக்க வேண்டும். 1998, 2016 ஆகிய ஆண்டுகளிலும், மீண்டும் 2023, 2024-லும் கடல் சூடேறியதால் இந்தப் பெருங்கடலின் பவளங்கள் பல இடங்களில் வெளுத்து மடிந்தன. பத்தாண்டுக்கு முந்தைய படங்களில் உள்ள வண்ணம் இன்று அதே இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உயிரோடு எஞ்சியிருப்பவற்றின் மீது காலை ஊன்றாமல், சிப்பியையும் பவளத்துண்டையும் எடுக்காமல், வெயிலுக்குப் பூசும் களிம்பின் இடத்தில் முழுக்கை நீச்சல் சட்டையை அணிந்து இறங்குவது நாம் கட்டாயம் செய்ய வேண்டியது.

இன்னும் முடிவுக்கு வர இயலாதவர்களுக்கு என் பரிந்துரை இது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை முதன்முறை செல்லும் குடும்பம், முன்பு நீல் என்று அழைக்கப்பட்ட ஷஹீத் த்வீப்பில் மூன்று இரவுகள், போர்ட் பிளேரில் முதலும் கடைசியுமாக ஒவ்வோர் இரவு என்று திட்டமிடலாம். தீவு சிறியது, வயல்கள் நிறைந்தது, மிதிவண்டியிலேயே சுற்றலாம். பரத்பூர்க் கரையில் குழந்தைகள் நீரில் இறங்கலாம், லக்ஷ்மண்பூரில் மாலை வெயிலைப் பார்க்கலாம். மே முதல் ஆகஸ்ட் வரை செல்வோர் பாசிக்குடாவையும் நிலாவெளியையும் சேர்த்துக்கொண்டு, நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குச் சென்று பவளம் பார்க்கலாம். தமிழிலேயே பேசிப் பயணம் செய்ய முடிவது வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதல். செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்துக்குப் பாலியின் சனூர். கடலுக்காக மட்டுமே செல்லும் இருவருக்குப் பிப்ரவரி, மார்ச்சில் மாலத்தீவின் உள்ளூர்த் தீவு ஒன்று. முன்பதிவில் முதலில் விமானம், அடுத்துப் படகு, அதன் நேரம் உறுதியான பின்பே விடுதி என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். அந்தமானில் ஆண்டிறுதி வாரங்களில் விடுதி கிடைத்தும் கப்பலில் இருக்கை கிடைக்காமல் திண்டாடுவோர் பலர்.